தூசி என்று ஒரு வரி

சென்னியப்பனின் நெஞ்சுக்குள் நட்சத்திரங்கள் இருக்கும் விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது ஒரு சூரிய கிரகணத்தன்று, காலை பத்தரை மணிக்கு, ஊரே வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது. கிரகணத்தை எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எங்கள் வெண்கரட்டில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, எக்ஸ்ரே பிலிமுக்குப் பஞ்சம் வந்ததில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் கல் உடைக்கிற கிரஷரில், வீட்டுக்கு ஒரு இருமல், வீட்டுக்கு நாலு பிலிம். அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், பீரோவுக்கு மேலே என்று செத்துப்போனவர்களின் நெஞ்செலும்புகள் பழுப்பு உறைக்குள் பத்திரமாகக் கிடந்தன, தூக்கி எறியவும் மனம் வராமல் வைத்துக்கொள்ளவும் மனம் வராமல் கிடந்த அவற்றுக்குக் கிரகணம் வந்ததும் ஒரு உபயோகம் கிடைத்தது.

எல்லோருக்கும் அவரவர் அப்பன் அண்ணன் நெஞ்சுக்கூட்டின் வழியே ஓரம் கடிபட்ட சூரியன்தான் தெரிந்தது. சாந்தாமணி அக்கா மட்டும் தன் வீட்டுக்காரர் சென்னியப்பனின் பிலிமைத் தூக்கிப் பிடித்தபோது, கறுப்பு வெள்ளையாக இருந்த அந்தத் தாளுக்குள் செங்கல் நிறத்தில் மூன்று தூண்கள் எழும்பி நின்றன, தூண்களைச் சுற்றி நீலமும் பச்சையுமாகப் புகை சுழன்றது, புகைக்குள் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. பிலிம் கை மாறிக் கை மாறித் தெருவைச் சுற்றி வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. நன்றாக இருக்கிறதே என்றார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், இருபது வருடம் கூடவே கல் உடைத்த தனக்கு இல்லாதது இவனுக்கு மட்டும் எப்படி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன், "என்ன தெரியுது சாந்தா?" என்று கேட்டார்.

"நட்சத்திரமுங்க. நெறைய இருக்குது."

"அதுதான் படுத்தா குத்துதா" என்று சொல்லிவிட்டு அவர் இரும ஆரம்பித்தார். அந்த இருமல் முடிவதற்குள் கிரகணம் விட்டுவிட்டது.

பிலிமுக்குள் தெரிந்த அந்தத் தூண்களை நான் முன்பே வேறொரு படத்தில் பார்த்திருந்தேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அடிப்பேன் என்றாலும் எங்கள் ஊரில் அதிகம் ஓடுவது கண்ணீர் அஞ்சலிதான். செத்தவர் படத்துக்குப் பின்னால் வெறும் நீலம் போட்டால் குடும்பத்துக்குத் திருப்தியாக இராது. வானத்து மேகம் ஒன்றைப் போட்டால் மனுஷன் ஏதோ நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வார்கள். அப்படி நான் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்த நெபுலா என்கிற நட்சத்திர மேகம் ஒன்று, பூமிக்கு மேலே சுற்றுகிற ஒரு தொலைநோக்கி பல வருடங்களுக்கு முன் எடுத்தது, செங்கல் நிறத்தில் மூன்று தூண்கள். பிலிமை ஸ்கேன் செய்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூணுக்குத் தூண், விரிசலுக்கு விரிசல் ஒன்றேதான். இரண்டையும் பெரிதாக அடித்துக் கடை வாசலில் ஒட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

சாந்தாமணி அக்கா வந்து இரண்டு படத்துக்கும் நடுவே வெகுநேரம் நின்றார்.

"ஏனுங் தம்பி, இந்த வானத்துப் படத்துல தூணாட்டம் நிக்குதே, அது என்னது?"

"தூசிங்கக்கா. தூசியும் வாயுவும்னு போட்டிருக்குது."

"யாரு போட்டிருக்கறது?"

"அதை எடுத்த விஞ்ஞானிங்கதான்."

"அப்ப இவரு நெஞ்சுல இருக்கறதும் தூசிதானுங்களே?"

அக்கா இரண்டு படத்தையும் சுருட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. சென்னியப்பன் மூன்று வருடமாக டி.பி. மாத்திரை சாப்பிட்டார், மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போனதுதான் மிச்சம், சளியைப் பரிசோதித்த ஆறு தடவையும் டி.பி. இல்லை என்றே வந்தது, ஆனாலும் சீட்டில் டி.பி. என்றே எழுதினார்கள். ஊரில் அவருக்கு முன்னால் இதே இருமலில் செத்த பதினான்கு பேருக்கும் அப்படித்தான் எழுதினார்கள். கல் தூசியால் வந்த நோய் என்று ஒரு டாக்டர் தன் கையால் எழுதிவிட்டால் ஆக்ஸிஜன் மிஷினை வீட்டுக்கே தருவார்கள், சென்னியப்பன் உட்கார்ந்துகொண்டாவது தூங்குவார். கிரஷரிலும் அதன்பின் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்காமல் கல் உடைக்க விடமாட்டார்கள். அந்த வரி இல்லாமல் எதுவும் இல்லை. அந்த வரிக்காக அக்கா ஏறாத படி இல்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. படங்களை அரைமணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நான் எழுதினா செல்லாதும்மா, மாவட்டத்துல மூணு டாக்டருங்க சேர்ந்த குழு ஒண்ணு இருக்கு, அவங்கதான் எழுதணும்" என்று சொல்லிப் பிலிமை மேலே அனுப்பினார். எங்கள் ஊரிலிருந்து போன எந்த மனுவும் அந்தப் பிலிமைப் போல வேகமாகப் போனதில்லை. நோய் என்று போயிருந்தால் ஏதாவது அலமாரியில் தூங்கியிருக்கும், நட்சத்திரம் என்று போனதால் மூன்றாம் நாள் ஜீப் வந்தது, ஐந்தாம் நாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து பைரவி என்று ஒரு வானியல் விஞ்ஞானி வந்தார்.

அந்த அம்மா ஒருத்தர்தான் வந்ததும் சென்னியப்பனிடம், "உட்கார்ந்தா பரவாயில்லையாங்க, படுத்தா பரவாயில்லையா?" என்று கேட்டவர். பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். இதே மேகத்தை அதைவிடப் பெரிய புதிய தொலைநோக்கி ஒன்றும் படம் எடுத்திருக்கிறது. பழையது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை வைத்துப் பார்ப்பது, அதற்குத் தூசி சுவர் மாதிரி நிற்கும். புதியது சூட்டைப் பார்ப்பது, அதற்குத் தூசி கொசுவலை மாதிரி மெலிந்து போகும், பின்னால் இருக்கிற நட்சத்திரமெல்லாம் தெரியும். "மேகம் ஒண்ணுதான், பார்க்கிற கண்ணுதான் வேற" என்றார். சென்னியப்பனை டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய மிஷினில் மறுபடி படம் எடுத்தார்கள். தாலுகா ஆஸ்பத்திரிப் படம் பழைய தொலைநோக்கியின் படத்தோடு பொருந்தியது போலவே, டவுன் படம் புதிய தொலைநோக்கியின் படத்தோடு நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருந்தியது. நெஞ்சு பூராவும் சிவப்பும் பொன்னுமாகப் பொறிகள், எண்ணி மாளாது.

அதன்பின் எங்கள் ஊர் நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது, அதில் நானும் இருந்தேன் என்பதால் கூடுதல் வெட்கம். பஸ் ஸ்டாப்புக்கு நட்சத்திர நிறுத்தம் என்று பேர் வந்தது. பள்ளிக்கூடங்கள் வேன் பிடித்து வந்தன. சென்னியப்பனைச் சட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்க வரிசை விட்டோம். வரிசையை ஒழுங்குபடுத்த இரண்டு பேர், செருப்பு விட ஒரு இடம், மோர்ப் பந்தல். பிள்ளை இல்லாதவர்கள் வந்து அவர் நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜோசியர் ஒருவர் அந்த நட்சத்திரங்களுக்கும் பலன் சொல்ல ஆரம்பித்தார். சென்னியப்பன் இருமினால் வந்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்று, கூட்டம் இருக்கும்போது இருமாதீங்க மாமா, உள்ளே கலைஞ்சு போகும் என்று பதமாகச் சொல்லிவைத்தோம், அவரும் பாவம் கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வரிசை முடிந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுமொத்தமாக இருமினார். கிரஷர் முதலாளி நாச்சிமுத்து, தூசியைப் பற்றி யாராவது பேசினாலே மறுநாள் வேலை இல்லை என்கிறவர், இப்போது ஆளைவிட்டு என்னிடம் இருபதடி பேனர் அடிக்கச் சொன்னார்: எங்கள் குவாரி தந்த வானம்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை ஒன்று நடந்தது. ஊரில் மற்ற ஆண்களும் தங்கள் பிலிம்களை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான். சென்னியப்பன் எப்போதும் கல் அரைபடுகிற வாய்க்குப் பக்கத்திலேயே நின்றவன், மூக்கில் துண்டு கட்டாதவன், அதனால்தான் அவனுக்கு நட்சத்திரம் வந்தது என்று யாரோ ஒருவர் டீக்கடையில் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை கிரஷரில் ஒருவர் முகத்திலும் துண்டு இல்லை. மிஷின் வாய்க்குப் பக்கத்தில் நிற்கிற வேலைக்கு, யாரும் போக விரும்பாமல் முறை வைத்து அனுப்பிய அந்த வேலைக்கு, நான் நீ என்று போட்டி. புருஷன்மாருக்கு மாதாமாதம் புதுப் பிலிம் எடுத்துப் பார்த்து, இன்னும் ஒன்றும் காணோமே என்று பெண்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

சாந்தாமணி அக்கா கிரஷர் வாசலில் போய் நின்று கத்தினார். "ஏய்யா, உங்களுக்கெல்லாம் கிறுக்கா புடிச்சிருக்குது? அந்த மனுசன் படற பாட்டப் பாத்துமா உங்களுக்கு ஆச வருது? துண்டக் கட்டுங்கய்யா!"

"உங்கூட்டுல மட்டும் நட்சத்திரம் இருக்கோணுமாக்கும்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

மாவட்டத்து டாக்டர் குழு கூடுகிற நாள் வந்தது. படங்களைப் பெரிதாக அடித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எனக்கும் கடிதம் வந்திருந்தது. இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய தொலைநோக்கியின் படத்தையும் தாலுகா பிலிமையும் உள்ளது உள்ளபடி அடித்தேன். புதிய தொலைநோக்கியின் படமும் டவுன் பிலிமும் நாச்சிமுத்துவின் பேனருக்காக ஏற்கெனவே தயாராக இருந்தன; நட்சத்திரம் பளிச்சென்று தெரியவேண்டும், அழுக்கு மாதிரித் தெரிகிறதையெல்லாம் எடுத்துவிடு என்று அவர் சொன்னபடி வெளிச்சத்தை ஏற்றி, பழுப்பை இறக்கி வைத்திருந்தேன். புதிய படத்தில் மெல்லிசாகவாவது மிச்சமிருந்த தூசி என் கையால் போனது. குழுவுக்கும் அதையே அடித்துக் கொடுத்தேன். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, சோம்பேறித்தனம் என்று சொல்லலாம், ஆனால் அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் இல்லை.

டவுனில் ஒரு பெரிய அறை. நான்கு படங்களும் வரிசையாகச் சுவரில். மூன்று டாக்டர்கள், பைரவி அம்மா, நாச்சிமுத்து, அவருடைய வக்கீல், ஓரத்தில் சாந்தாமணி அக்காவும் மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்க சென்னியப்பனும், கதவுக்குப் பக்கத்தில் நான். வக்கீல்தான் முதலில் எழுந்தார்.

"மேடம், இந்த ரெண்டு தொலைநோக்கியில எது சிறந்தது?"

"ரெண்டும் வேற வேற விதம். புதுசு கூடுதல் சக்தி வாய்ந்தது."

"கூடுதல் துல்லியம்?"

"சில விஷயங்கள்ல, ஆமா."

"அந்தத் துல்லியமான படத்துல தூசி எங்கே இருக்குன்னு காட்ட முடியுமா?"

பைரவி அம்மா எழுந்து என் படத்துக்குப் பக்கத்தில் போனார், குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "இது இவ்வளவு வெளுப்பா இருக்காதே" என்றார். பிறகு திரும்பி, "தூசி அங்கேதாங்க இருக்கு. அந்தக் கண்ணுக்கு அது மறைக்கிறதில்ல, அவ்வளவுதான். மறைக்காத பொருள் இல்லாத பொருள் ஆயிடாது" என்றார்.

குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "படத்தை அடிச்சது நீங்கதானே? ஏதாவது மாத்தினீங்களா?"

நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என் கடை இருக்கும் இடம் அவருடையது. சாந்தாமணி அக்காதான் என்னைப் பார்த்தார், நம் ஊர்ப் பையன் என்ற நம்பிக்கையோடு.

"உள்ளது உள்ளபடிதானுங்க" என்றேன்.

அவ்வளவுதான். டீ வந்தது. பைரவி அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவர் அதை மடித்து நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். குழுவின் முடிவைத் தலைவர் படித்தார்: பழைய கருவியின் படத்தில் தூசி போன்ற தோற்றம் தெரிந்தாலும், நவீனக் கருவியின் படத்தில் தூசி காணப்படவில்லை, நட்சத்திரங்கள் காணப்படுகின்றன, நட்சத்திரங்கள் நோய்ப் பட்டியலில் இடம்பெறவில்லை, எனவே டி.பி. சிகிச்சையைத் தொடரலாம்.

பஸ்ஸில் வரும்போது சென்னியப்பன் மனைவியிடம், "எழுதினாங்களா?" என்று கேட்டார். அவருக்கு மூச்சு வாங்கிய வாங்கலில் எதுவும் காதில் விழுந்திருக்கவில்லை.

"எழுதுவாங்க" என்றார் அக்கா.

சென்னியப்பன் ஐப்பசியில், ஒரு மத்தியான நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அன்று இரண்டு பள்ளிக்கூட வேன்கள் வந்திருந்தன, திருப்பி அனுப்பினோம். அவர் உடலை எரிக்கக் கூடாது, நெஞ்சை நாட்டுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் பேசினார்கள். சாந்தாமணி அக்கா அரிவாள்மனையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. மறுநாள் காலை, சுடுகாட்டில் வேலை பார்க்கும் குப்பமுத்து ஒரு சாக்கைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கினார்.

"நானும் மூணு தடவ கட்டை போட்டுப் பாத்துட்டனுங்க. எல்லாம் வெந்துருச்சு, இது மட்டும் வேகலைங்க."

சாக்குக்குள் சாம்பல் நிறத்தில் இரண்டு கருங்கற்கள். ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது, மனுஷனுக்கு நுரையீரல் எப்படி இருக்குமோ அப்படி. நாங்கள் கூடி நின்று சூரிய வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். ஒரு பொறிகூட இல்லை. ஏமாந்த முகத்தோடு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அக்கா அந்தச் சாக்கைக் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றினார். கூட நானும் போனேன், யாரும் கூப்பிடாமலே. கண்டக்டர் காலால் தட்டிப் பார்த்து, "மூட்டையில என்னம்மா?" என்றார். "எங்கூட்டுக்காரருங்க" என்றார் அக்கா. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

குழுவின் ஆபீஸில் தலைவர் லீவில் இருந்தார். மேஜையில் இருந்த கிளார்க் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் இங்கே வாங்குவதில்லை என்றார். வாங்காமல் நான் நகரமாட்டேன் என்று அக்கா தரையில் உட்கார்ந்ததும், சரி என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். என்ன என்று எழுதுவார் என்று அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். கருங்கல், இரண்டு துண்டு என்று எழுதினார். "என் கண்ணுல படறதத்தானம்மா நான் எழுத முடியும்?" என்றார் அவர், யாரும் ஒன்றும் கேட்காமலே. அந்தக் கட்டிடத்தில் கண்ணில் பட்டதை எழுதியவர் அவர் ஒருத்தர்தான்.

ஒரு மாதம் கழித்து, கல்லுக்கும் மணலுக்கும் கணக்குப் பார்க்கிற வேறொரு ஆபீஸிலிருந்து அக்காவுக்குப் பதிவுத் தபால் வந்தது. அந்த ரசீதின் நகல், அக்காவின் பழைய மனுக்களோடு சேர்ந்து, எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், கவர்மெண்ட் தமிழ் அதற்கு அடங்காது. என் கடைக்கு எடுத்துவந்தார். பிரித்துப் படித்தேன்.

"தங்கள் கணவர் காலஞ்சென்ற சென்னியப்பன் என்பவர், வெண்கரடு குவாரிக்குச் சொந்தமான கருங்கல்லை, இருபத்திரண்டு ஆண்டுக் காலமாகத் தூசி வடிவில் சிறிது சிறிதாக எடுத்து, உரிமம் ஏதுமின்றித் தமது நெஞ்சறைக்குள் சேர்த்து வைத்திருந்ததும், மேற்படி கல் கனிமம் கொண்டுசெல்வதற்குரிய நடைச்சீட்டின்றிப் பேருந்தில் கொண்டுசெல்லப்பட்டதும் ஆவணங்களின்படி உறுதியாகிறது. இதற்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்பதற்குத் தாங்கள் பதினைந்து நாள்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும்."

செத்தவனைத் திருடன் என்கிறார்களே, இவர்கள் நன்றாக இருப்பார்களா என்று ஆத்திரமாக வந்தது. அக்காவை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

"மறுக்காப் படிங்க தம்பி" என்றார் அவர். "அந்தத் தூசிங்கற எடத்துல இருந்து."

படித்தேன்.

"நெஞ்சறைன்னு போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குதுங்கக்கா."

"கையெழுத்து?"

"இருக்குது."

"சீலு?"

"ரெண்டு எடத்துல வச்சிருக்குதுங்க."

அந்த ஒரு வரியை இன்னும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த மூன்று வருடத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

"விளக்கம் கேட்டிருக்காங்கக்கா. வக்கீல் யாரையாச்சும் பாக்கலாம். இல்லைன்னு மறுத்து எழுதலாங்க."

"மறுக்கவா?" அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. "எதுக்கு மறுக்கோணும்? பேனாவ எடுங்க. எங்கூட்டுக்காரர் இருவத்திரண்டு வருசமா கல் தூசியத்தான் நெஞ்சுல சேத்தாரு, அது நெசம்தான், நாங்க ஒத்துக்கறம்னு எழுதுங்க."

நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.